போகிற கடலும் வருகிற கடலும்

எங்கள் ஊர் முள்ளிப்பாடு. ஊருக்கு எதிரே கடல், கடலுக்கு அந்தப் பக்கம் வேறொரு நாடு, அந்த நாட்டின் கரையில் எங்களைப் போலவே தமிழ் பேசி, மீன் பிடித்து, ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிற வெள்ளாங்குடா என்கிற ஊர். இரண்டு ஊருக்கும் நடுவில் கிடக்கிற கடல் என்றைக்கும் ஒரே அகலத்தில் கிடந்ததில்லை. இரண்டு நாடும் எவ்வளவு நெருக்கம் என்று செய்தியில் சொல்கிறார்களோ அவ்வளவு அகலத்தில்தான் கிடக்கும்.

மந்திரிமார் கைகுலுக்குகிற படம் முதல் பக்கத்தில் வந்துவிட்டால் வெள்ளாங்குடா எங்கள் வாசலுக்கு வந்து நிற்கிற மாதிரி இருக்கும், அவர்கள் வீட்டில் தேங்காய்ப்பால் காய்கிற வாசம் எங்கள் அடுப்படிக்கு வரும், அங்கே ஒரு சேவல் கூவினால் இங்கே ஒரு சேவல் பதில் சொல்லும். ‘ஆழ்ந்த கவலை’ என்று போட்டிருந்தால் பனைமரங்களின் தலை மட்டும் தெரியும். ‘கடும் கண்டனம்’ என்றால் பனையும் போய் ஒரு நீலக்கோடு. ‘தூதரை அழைத்து விளக்கம் கேட்டது’ என்றால் அந்தக் கோடும் கிடையாது. தலைப்புச் செய்தி கடலைச் சட்டென்று தள்ளும், தலையங்கம் மெதுவாகத் தள்ளும் ஆனால் தள்ளினது லேசில் திரும்பாது, டிவியில் நாலு பேர் உட்கார்ந்து ஒருத்தர் பேச்சில் ஒருத்தர் விழுந்து கத்துகிற நேரத்தில் கடல் முன்னும் பின்னும் தொட்டில் மாதிரி ஆடும், அந்த நேரத்தில் எங்கள் ஊரில் யாரும் வலை விடுவதில்லை.

வாரப் பத்திரிகை பஸ்ஸில் வந்த காலத்தில் வாரம் பூராவும் கடல் ஒரே அகலத்தில் கிடந்ததாம், பெண் கொடுத்ததும் பெண் எடுத்ததும் அப்போதுதான். ரேடியோ வந்தபிறகு காலையில் ஒரு தடவை, ராத்திரியில் ஒரு தடவை நகர்ந்ததாம். செல்போன் வந்தபிறகு, இடுப்பில் குடத்தை வைத்துக்கொண்டு ஓடினால் தண்ணீர் தளும்புமே, அப்படி ஆகிவிட்டது. எங்கள் பூகோள டீச்சர் அந்தக் கடலின் அகலத்தை மட்டும் பேனாவால் எழுத விடமாட்டார். பென்சிலால் எழுதுங்கள், நாளைக்கு அழிக்கவேண்டியிருக்கும் என்பார்.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. மழைக்காலத்துக்கு விறகு சேர்க்கிற மாதிரி இதற்கும் ஒரு வழி வைத்திருந்தோம். விடிந்ததும் ஆண்கள் எல்லாரும் சீனி பாய் டீக்கடைக்குப் போவார்கள், சீனி பாய் பேப்பரை விரித்து அக்கரை நாட்டைப் பற்றி வந்ததை மட்டும் சத்தமாக வாசிப்பார், “நட்புறவு தொடரும்னு போட்டிருக்கான், ஒரு கேன் டீசல் போதும்” என்பார், “பரபரப்புன்னு போட்டிருக்கான், கட்டுச்சோறு கட்டிக்கிட்டுப் போங்கப்பா” என்பார், அதன்படி ஐஸும் டீசலும் படகில் ஏறும்.

ஒன்றில் மட்டும் தப்புப் பண்ணிவிட்டோம். எங்கள் பேப்பரை மட்டும்தான் பார்த்தோம். அக்கரை ரேடியோ எங்கள் வீடுகளில் எப்போதும் பாடிக்கொண்டுதான் இருக்கும், அவர்கள் போடுகிற பாட்டு மாதிரி எங்கள் பக்கத்தில் யாரும் போடுவதில்லை, ஆனால் “இனிச் செய்திகள்” என்று அந்த ஆள் தொண்டையைச் செருமியதும் ஊரே ஒன்றாகத் திருகி அணைத்துவிடும். அவர்கள் வீட்டுச் சங்கதி நமக்கு எதற்கு என்று ஒரு நினைப்பு.

அவர்கள் வலை அறுந்தால் நீரோட்டத்தில் எங்கள் கரையில் ஒதுங்கும், எங்கள் வலை அங்கே ஒதுங்கும், அதைத் தைத்து, மடித்து, கடல் கிட்டே வருகிற நல்ல நாளாகப் பார்த்து ஒப்படைத்துவிடுவது இரண்டு ஊருக்கும் வழக்கம். அப்படி ஒரு நல்ல நாளில்தான் என் வீட்டுக்காரர் இன்னாசி போனார். எங்கள் மகள் ஜெசிமாவுக்குக் கழுத்துக்கூட நிற்கவில்லை. “மத்தியானச் சோத்துக்கு வந்துருவேன் புள்ள, சாளை வறுத்து வை” என்று சொல்லிவிட்டு, ஒரு கேன் டீசலும் ஒரு பாட்டில் தண்ணீரும் எடுத்துக்கொண்டு, அவர்கள் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். அதே காலையில் அங்கேயிருந்து அமலதாஸ் என்று ஒருவர் எங்கள் வலையோடு வந்து, சீனி பாய் கடையில் டீ குடித்து, சீனி கூடிப்போச்சு என்று குறையும் சொல்லிவிட்டுத் திரும்பினார்.

இரண்டு பேரும் வீட்டைப் பார்த்துப் படகைத் திருப்பின அந்த நேரத்தில், எங்கேயோ தெற்கே இரண்டு நாட்டுக் காவல் படகுகள் ஒன்றோடொன்று உரசிவிட்டன. பெயின்ட் உரிந்ததாம், அவ்வளவுதான். எங்கள் டிவியில் ‘அக்கரை அட்டூழியம்’ என்று சிவப்பு எழுத்தில் ஓடியது. அவர்கள் ரேடியோவில் ‘ஊடுருவல் முறியடிப்பு’ என்று சொன்னார்களாம், நாங்கள்தான் திருகி அணைத்துவிட்டோமே.

வறுத்த சாளை ஆறிப்போனது. கரைக்குப் போய்ப் பார்த்தால் இன்னாசியின் படகு தூரத்தில் ஒரு எள் மாதிரி தெரிந்தது. மறுநாளும் எள்தான். இளவட்டங்கள் படகு கட்டிக்கொண்டு கூட்டிவரப் போனார்கள், போகப் போக அவர் அங்கேயேதான் நின்றார், கண்ணாடிக்குள் இருக்கிற ஆளைத் தொடப் போன மாதிரி இருந்தது என்று திரும்பி வந்து சொன்னார்கள். அவர் அக்கரைக்கே திரும்பிப் போகலாமே என்று கேட்டால், வீட்டைப் பார்த்துத் திருப்பின படகை மறுபடி எதிர்ப்பக்கம் திருப்புகிற பழக்கம் எங்கள் ஆட்களுக்குக் கிடையாது. மீன் பிடித்துத் தின்பார், மழைத்தண்ணீரைத் தார்ப்பாயில் ஏந்திக் குடிப்பார், அதே தார்ப்பாயைப் பாயாகக் கட்டி வந்துகொண்டேயிருப்பார் என்று ஊர் முடிவு செய்தது. ஆள் இல்லாத வீடு என்று யாரும் சொல்லவில்லை, ஆள் வந்துகொண்டிருக்கிற வீடு என்று சொன்னார்கள். வரி கேட்டு வந்தவரிடம்கூட அப்படித்தான் சொல்லி அனுப்பினேன்.

பகலில் ஒன்றும் தெரியாது. துணி துவைத்து, மீன் கூடை சுமந்து, பிள்ளையைக் குளிப்பாட்டி, சிரித்துப் பேசிக்கொண்டுதான் இருந்தேன். பொழுது சாய்கிற நேரத்தில் ஜெசிமாவைத் தூக்கிக்கொண்டு கரையில் நின்று, “அந்தா பாரு, அப்பா” என்று எள்ளைக் காட்டும்போதுதான், உலகத்திலேயே அவரைத் தினம் பார்த்துக்கொண்டே அவர் இல்லாமல் இருக்கிறவள் நான் ஒருத்தி என்று தோன்றும்.

ஜெசிமா குப்புற விழுந்தாள், தவழ்ந்தாள். எங்கள் நாடு அக்கரையில் ஒரு துறைமுகம் கட்ட ஆசைப்பட்டது, உடனே எங்கள் பேப்பர் ‘சகோதர தேசம்’ என்று எழுத ஆரம்பித்தது. ஊரே என் வீட்டுக்கு வந்துவிட்டது. நான் தலைக்குக் குளித்து, பூ வைத்து, சாளை வறுத்தேன். எங்கள் பக்கமிருந்து போன படகெல்லாம் வெற்றிலை போடுகிற நேரத்தில் அக்கரைப் பனையைக் கிட்டத்தில் பார்த்துவிட்டுத் திரும்பின. இன்னாசி மட்டும் நகரவில்லை. எள் எள்ளாகவே நின்றது.

அப்போதுதான், மத்தியானத்துக்குள் வந்துவிடுவோமே என்று இன்னாசி வீட்டிலேயே மாட்டிவிட்டுப் போயிருந்த படகு வாக்கிடாக்கி கரகரத்தது. ஒரு பெண் குரல்.

“ஆராவது இருக்கிறியளோ? என்ர மனுசன்ர படகு கிட்ட வந்திட்டுது! சட்டை நிறம்கூடத் தெரியுது!”

“யாருங்க நீங்க?” என்றேன்.

“நான் யசிந்தா. வெள்ளாங்குடா. அமலதாஸ்ட மனுசி.”

சீனி பாய் கடையில் டீ குடித்த அந்த அமலதாஸ் இன்னும் வீடு போய்ச் சேரவில்லை என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அவள் குரலில் இருந்த சந்தோசம் அடங்குவதற்குள் துறைமுகப் பேச்சு முறிந்துவிட்டது, எங்கள் டிவி ‘துரோகம்’ என்றது, அவள் வீட்டுக்காரர் மறுபடி எள்ளாகிப்போனார். அடுத்துக் கரகரத்தபோது அவள் அழுதாள்.

அழுகிறவளிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் சமையல் என்ன என்று கேட்டேன். அப்படிப் பேசிப் பேசித்தான் இரண்டு பேருக்கும் விளங்கியது. எங்கள் கரையை விட்டுக் கிளம்புகிறவர்களுக்கு எங்கள் செய்தி சொல்கிற அகலம், அவர்கள் கரையை விட்டுக் கிளம்புகிறவர்களுக்கு அவர்கள் செய்தி சொல்கிற அகலம். போகிற கடல் வேறு, வருகிற கடல் வேறு. குரலுக்கும் அதே கணக்குத்தான். நான் பேசினது உடனே போகிற நாளில் அவள் பதில் நான் ஒரு ஈடு இட்லி அவித்து இறக்குகிற வரைக்கும் வராது.

“அப்ப, தங்கச்சி,” என்றாள் யசிந்தா, “என்ர மனுசன் உங்கட பேப்பருக்குள்ள நிக்கிறார். உங்கட மனுசன் எங்கட ரேடியோவுக்குள்ள நிக்கிறார்.”

“ஆமாக்கா.”

“எங்கட ஆக்களைக் கொண்டு நான் நல்லதாச் சொல்லுவிக்கிறன். உங்கட ஆக்களைக் கொண்டு நீங்க சொல்லுவியுங்கோ. என்ன?”

“சரிக்கா. யாரு முதல்ல?”

இட்லி வெந்து, இறக்கி, பிள்ளைக்கு ஊட்டியும் ஆனது. “ரெண்டு பேரும்” என்று பதில் வந்தது.

எங்கள் ஊர் நிருபர் வியாகுலம். செய்தி எழுதுவதும் அவன்தான், பேப்பர் போடுவதும் அவன்தான், விளம்பரம் பிடிப்பதும் அவன்தான். அவன் சைக்கிளை மறித்தேன்.

“தம்பி, அக்கரைக்காரங்க நல்லவங்கன்னு நாலு வரி எழுதேன்.”

“அக்கா, நல்லா இருக்காங்கன்னு எழுதினா அது செய்தியா? யாராவது யாரையாவது அடிச்சாத்தான் அக்கா நமக்கு முதல் பக்கம்.”

“முதல் பக்கம் யாரு கேட்டா? ஞாயித்துக்கிழமை கூட ஒரு பொம்பளைங்க புத்தகம் வருதே, அதுல சமையல் போடுறாங்கல்ல?”

வியாகுலம் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். “சமையலா?”

“வெள்ளாங்குடா சொதி. நான் சொல்லச் சொல்ல எழுதிக்க.”

யசிந்தா வாக்கிடாக்கியில் சொல்லித் தந்ததுதான். பாலைக் கொதிக்க விடாதையுங்கோ திரைஞ்சு போகும் என்று அவள் சொன்னதைக்கூட விடவில்லை. ஆனால் முதல் வரியில் ‘அக்கரைப் பெண்களின் கைருசி தனி’ என்று போடவைத்தேன். அந்த வரிதான் கடலை இழுத்தது, தேங்காய்ப்பாலும் பச்சைமிளகாயும் சும்மா கூட வந்தன. சொதி அச்சாகி வந்த ஞாயிற்றுக்கிழமை அமலதாஸின் படகு எள்ளிலிருந்து மிளகு ஆனது. பால் அப்பம் வந்தது, சுண்டைக்காய் ஆனது. ஒடியல் கூழ் வந்தது, எலுமிச்சம்பழம் ஆனது. முதல் பக்கத்தில் கண்டனம் வந்து ஒரு முழம் தள்ளினால், உள்ளே இருக்கிற என் சமையல் வாராவாரம் ஒரு சாண் இழுக்கும். அங்கே யசிந்தாவும் நான் சொன்ன கணவாய்த் தொக்கையும் கருவாட்டுக் குழம்பையும் அவர்கள் வாரப் பத்திரிகையில் வரவைத்தாள், இன்னாசி மிளகு ஆனார். எங்கள் ஊர்ப் பெண்கள் சீனி பாய் கடைப் பக்கம் போகாதவர்கள், அப்போதுதான் பேப்பர் வாசிக்கப் பழகினார்கள். பக்கத்து வீட்டுச் செங்கோல் மதினி மட்டும், “மந்திரி கையில முடியாதது உன் கரண்டியில முடியுமாக்கும்” என்று நொடித்தாள். நொடித்துவிட்டு, ஒடியல் கூழில் நண்டு போடலாமா என்று அவளே கேட்டாள்.

அதன்பிறகு அக்கரையில் காகிதத் தட்டுப்பாடு வந்தது. பத்திரிகைகள் மெலிந்தன, முதலில் வெட்டினது பெண்கள் பக்கத்தைத்தான். என் ஆள் மிளகாகவே நின்றுவிட்டார். நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் அமலதாஸும் எலுமிச்சம்பழமாகவே நின்றுவிடுவாரே. கடைசியாக மாசிச் சம்பல் எழுதி அனுப்பினேன், அது வந்த அன்றைக்கு யசிந்தாவின் வாசலில் அவள் வீட்டுக்காரர் இறங்கினார்.

அன்றோடு வாக்கிடாக்கி ஓய்ந்தது. கூப்பிட்டேன், பதில் இல்லை. இட்லி வேகிற நேரம் காத்திருந்தேன், துணி காய்கிற நேரம் காத்திருந்தேன், நெல்லை நனைத்து முளைகட்டியிருந்தால் முளைத்திருக்கும்.

“அவ புருசனை நீ கொண்டுபோய் சேத்துட்ட,” என்றாள் செங்கோல் மதினி. “இனி உன் ஞாபகம் அவளுக்கு எதுக்கு? பைத்தியக்காரி.”

“வேலை இருக்கும் மதினி.”

“ஆமாமா. புருசன் வந்த வீட்டுல வேலை இருக்கத்தான் செய்யும்.”

எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினபிறகுதான் இருட்டு இவ்வளவு பெரிசா என்று இருந்தது. அதுவரைக்கும் காத்திருந்தது இரண்டு பேர். இப்போது நான் மட்டும். ஜெசிமா நடக்க ஆரம்பித்திருந்தாள், கரையில் நின்று அவளாகவே கடலைக் காட்டி “அப்பா” என்றாள், ஆனால் அவள் காட்டினது வேறு யாருடைய படகையோ.

ஒரு சாயங்காலம் அவளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். அக்கரை ரேடியோ பாட்டை நிறுத்தி, செய்தியும் சொல்லாமல், மரண அறிவித்தல் வாசிக்கத் தொடங்கியது. அங்கே அப்படி ஒரு வழக்கம், செத்தவர்களின் பெயரையும் அவர்களுடைய உறவு முறையையும் ஒன்றுவிடாமல் ரேடியோவில் வாசிப்பார்கள்.

“முள்ளிப்பாட்டைப் பிறப்பிடமாகவும் நடுக்கடலை வசிப்பிடமாகவும் கொண்ட இன்னாசி அவர்கள் காலமானார்.”

கையில் இருந்த உருண்டை கீழே விழுந்தது. பிள்ளை வாயைத் திறந்தபடி காத்திருந்தாள்.

“அன்னார் பிரகாசியின் அன்புக் கணவரும், ஜெசிமாவின் பாசமிகு தந்தையும், வெள்ளாங்குடா யசிந்தா, அமலதாஸ் ஆகியோரின் உடன்பிறவாச் சகோதரரும்,” என்று அந்த ஆள் அவசரமில்லாமல் வாசித்தார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கரைக்கு ஓடினேன், ரேடியோ எல்லா வீட்டிலும் பாடிக்கொண்டிருந்ததால் வழி நெடுக அந்தக் குரலும் கூடவே வந்தது. “சூசைப்பிள்ளை, மடுத்தீன் ஆகியோரின் அருமை மைத்துனரும்,” மிளகு எலுமிச்சம்பழம் ஆனது, “றெஜினா, புஸ்பம், எலிசபெத் ஆகியோரின் பாசமிகு அண்ணனும்,” எலுமிச்சம்பழம் பூசணிக்காய் ஆனது, “கபிரியேலின் பெறாமகனும், வெள்ளாங்குடாச் சிறுவர்கள் அனைவரினதும் அன்பு மாமாவும்,” தார்ப்பாய் தெரிந்தது, தார்ப்பாயில் இருந்த ஒட்டு தெரிந்தது. அந்த ஊரில் ஒருவர் பாக்கியில்லாமல் அவரோடு முறை சொன்னார்கள், ஒவ்வொரு முறைக்கும் கடல் ஒரு பாகம் சுருங்கியது. எங்கள் நாட்டைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்ல அந்த ரேடியோவில் இடமில்லாமல் போயிருந்தது, ஆனால் சாவு அறிவித்தலில் கைவைக்க எந்த ஊர் ஆசிரியருக்கும் மனசு வருவதில்லை. அதைக் கண்டுபிடிக்கத்தான் யசிந்தா பட்டணத்துக்குப் போய், வானொலி நிலைய வாசலில் தவம் கிடந்திருக்கிறாள்.

“இவ்வறிவித்தலை உற்றார் உறவினர் நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்” என்று குரல் முடிந்தபோது படகின் மூக்கு மணலில் ஏறியது. அறிவித்தலைக் கேட்ட கோயில்பிள்ளை அதற்குள் ஓடிப்போய் எங்கள் மாதா கோயிலில் துக்கமணி அடிக்க ஆரம்பித்திருந்தார்.

தாடியும் உப்புமாக ஒரு ஆள் இறங்கினார். மணிச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார்.

“யாருக்கு புள்ள மணி அடிக்குது?”

“உங்களுக்குத்தான்” என்றேன்.

ஜெசிமா அவரைப் பார்த்துப் பயந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். செங்கோல் மதினி ஒப்பாரி வைக்க ஓடி வந்தவள், வாய்க்கு வந்ததை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல், “சாளை வறுக்கட்டுமா கொழுந்தனாரே?” என்றாள்.

ஆனால் அக்கரை ரேடியோவை நாங்கள் மட்டுமா கேட்டோம். எங்கள் தலைநகரத்தில் பேப்பர் ஆபீசிலும் கேட்டிருக்கிறார்கள். காலையில் எட்டுப் பத்தி அகலத்துக்குத் தலைப்பு: ‘அக்கரைக் கடலில் நம் மீனவர் மர்மச் சாவு.’ டிவியில் நாலு பேர் எட்டுப் பேர் ஆனார்கள். செத்த ஆளோடு உட்கார்ந்து என் வீட்டில் மீன்குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்த வியாகுலம் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்.

“நான் அனுப்பலக்கா. அவர் உசிரோட வந்துட்டாருன்னு மறுப்பு அனுப்பியிருக்கேன். அஞ்சாம் பக்கம், அடியில, போடுறேன்னு சொல்லியிருக்காங்க.”

போட்டார்கள். அதற்கு ஒரு படகு நீளத்துக்குக் கடல் சுருங்கியது. எட்டுப் பத்தித் தலைப்பு விரித்தது விரித்ததுதான். எங்கள் கரையிலிருந்து போகிற கடல் இந்த மாதிரி என்றைக்கும் விரிந்ததில்லை என்று சீனி பாய் சொல்கிறார். அந்தப் பக்கம் போகப் படகு எடுக்க ஒருத்தருக்கும் தைரியமில்லை.

அவர்கள் பக்கமிருந்து வருகிற கடல் மட்டும் அந்த அறிவித்தலுக்குப் பிறகு ஓடை மாதிரிக் கிடக்கிறது. அதனால் யசிந்தாவின் குரல் பக்கத்து வீட்டிலிருந்து கூப்பிடுகிற மாதிரி தெளிவாக வருகிறது. சாயங்காலமானால் வாக்கிடாக்கி கரகரக்கும். இன்னாசி மகளை மடியில் வைத்துக்கொண்டு, அவள் இன்னும் அவரிடம் ஒட்டாமல் நெளிந்துகொண்டிருக்க, கேட்டுக்கொண்டிருப்பார்.

“பிரகாசி, வந்திட்டாரோ? செத்துப்போனார் எண்டு நான்தான் சொல்லுவிச்சனான், வேற வழி தெரியேல்ல தங்கச்சி, கோவமோ? ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. வந்திட்டாரோ?”

“வந்துட்டாருக்கா” என்கிறேன். “இந்தா, பக்கத்துல உக்காந்திருக்காரு. கோவமெல்லாம் இல்ல.”

சொல்லிவிட்டு இட்லி அவிக்கிறேன், பிள்ளையைத் தூங்கவைக்கிறேன், விடிந்ததும் எழுந்து மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு போகிறேன், அடுத்த சாயங்காலம் வந்துவிடுகிறது, அவள் மறுபடியும் அதையேதான் கேட்கிறாள். என் பதில் இன்னும் பாதி வழிகூடப் போயிருக்காது.